வீக்கம் வடிந்த பின்னும் வலி ஏன் நிற்பதில்லை?

உங்கள் தாயாருக்கு ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம் இருக்கிறது. மருந்துகளால் விரல் மூட்டுகளின் வீக்கம் வடிந்துவிட்டது, அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவும் இரத்தத்தில் சீராகிவிட்டது, மருத்துவரும் அழற்சி கட்டுக்குள் வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டார். ஆனாலும் பாத்திரம் கழுவ வெதுவெதுப்பான நீரில் கை வைத்தாலே அவர் துடித்துப் போகிறார். அழற்சிதான் வலிக்குக் காரணம் என்றால் அது அடங்கிய பின் வலி ஏன் அடங்கவில்லை, வலியைத் தரும் மூலக்கூறு இன்னதென்று தெரிந்துவிட்ட காலத்தில் அதை மட்டும் தடுத்துவிட்டால் என்ன, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது: திசுவில் கசிந்து கிடக்கும் ஒரு வேதிப்பொருள் எந்த வழியாக 'வலிக்கிறது' என்ற உணர்வாக மாறுகிறது என்பதே அது.

நான் மருத்துவக் கல்லூரியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மருந்தியல் கற்பித்தவன். நோயாளியைத் தொட்டுப் பார்த்து மருந்து எழுதுபவன் அல்லன். ஆகவே உங்கள் தாயாரின் வலிக்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பிழையான படத்தை நான் நன்கு அறிவேன், ஏனெனில் ஆண்டுதோறும் அதே பிழையை விடைத்தாள்களில் திருத்தி வந்திருக்கிறேன். அழற்சியின்போது திசுவில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைப் பற்றி, 'அது வலியை உண்டாக்குகிறது' என்று மாணவர் எழுதுவார். நான் அரை மதிப்பெண் குறைப்பேன். அவர் பாடநூலைத் தூக்கிக்கொண்டு வாதாட வருவார். அம்பு பாய்வதுபோல மூலக்கூறு பாய்ந்தால் வலி வருகிறது, அம்பைப் பிடுங்கினால் வலி போகிறது என்பது அவர் மனத்தில் உள்ள படம். உண்மையில் அழற்சி மூலக்கூறுகளில் பெரும்பாலானவை வலியை நேரடியாக உண்டாக்குவதைவிட, சாதாரணமாக வலிக்கக் கூடாதவற்றுக்கெல்லாம் வலிக்கும்படி நரம்பைப் பதம் மாற்றி வைக்கின்றன. அந்தப் பதம் மாறுவதற்குச் சில நிமிடங்கள் போதும். திரும்புவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பதோ எந்த மூலக்கூறு எவ்வளவு ஆழம் வரை போய் மாற்றியது என்பதைப் பொறுத்தது.

நரம்பின் நுனியிலிருந்து தொடங்குவோம். விரல் மூட்டில் தொடங்கும் வலியுணர் நரம்பிழை ஒன்று கையின் நீளம் முழுவதும் ஓடி, கழுத்துப் பகுதி முதுகெலும்புகளின் ஓரத்தில் உள்ள நரம்பு முடிச்சில் தன் செல் உடலைக் கொண்டிருந்து, அங்கிருந்து தண்டுவடத்துக்குள் நுழைகிறது. குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. மூட்டின் உறை, அதன் உட்சவ்வு, தசைநார்கள், குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பு ஆகியவற்றில்தான் இந்த நுனிகள் பரவிக் கிடக்கின்றன. நுனியின் மேற்பரப்பில் இரண்டு விதமான புரதங்கள் பதிந்திருக்கின்றன. ஒரு விதம் வாயில்கள்: சூடோ அழுத்தமோ அமிலமோ பட்டால் திறந்து, சோடியம், கால்சியம் அயனிகளை உள்ளே விட்டு நரம்பில் மின்துடிப்பைக் கிளப்புபவை. மற்றொரு விதம் ஏற்பிகள்: தமக்கு உரிய மூலக்கூறு வந்து பொருந்தியதும், தாம் கதவைத் திறக்காமல் செல்லுக்குள் செய்தி மட்டும் அனுப்புபவை. அந்தச் செய்தி போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் முதல் விதமான வாயில்களே.

வாயில்களில் பெயர் பெற்றது டிஆர்பிவி1. 1997இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் இதைக் கண்டுபிடித்தது மிளகாயைக் கொண்டுதான்: மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் எந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்று தேடப் போய், அதே புரதம் ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டிலும் திறக்கிறது என்பதைக் கண்டார்கள். 2021இல் நோபல் பரிசு ஆர்டெம் பட்டபூட்டியனுடன் சேர்த்து அவருக்குக் கிடைத்தது. தீ சுட்டாலும் மிளகாய் பட்டாலும் 'எரிகிறது' என்று ஒரே சொல்லால் நாம் சொல்லி வருவது தற்செயலன்று. நரம்புக்கு இரண்டும் ஒரே வாயில்தான். நம் பழைய காரமான மிளகின் பைப்பரினும் இதே வாயிலைத்தான் திறக்கிறது. 43 டிகிரி என்ற எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீர் 38, 40 டிகிரிக்கு மேல் இருக்காது. நலமான கையில் இந்த வாயில் அதற்குத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

அழற்சி தொடங்கியதும் இந்த நுனியைச் சுற்றி என்ன கூடுகிறது? சிதைந்த செல்களிலிருந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறும் அமிலமும், மாஸ்ட் செல்களிலிருந்து ஹிஸ்டமினும், இரத்தப் புரதத்திலிருந்து வெட்டப்பட்டுப் பிராடிகைனினும், செல் சவ்வின் கொழுப்பிலிருந்து புரோஸ்டாகிளாண்டின்களும், வெள்ளணுக்களிலிருந்து, செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்களான சைட்டோகைன்களும் வந்து சேருகின்றன. இவற்றில் பிராடிகைனினின் கதை சுவையானது. 1949இல் பிரேசிலில் மௌரீசியோ ரோஷா எ சில்வாவும் அவருடைய கூட்டாளிகளும், ஜராராகா என்னும் விரியன் பாம்பின் விஷத்தை இரத்தப் பிளாஸ்மாவில் கலந்தபோது ஏதோ ஒரு புதிய பொருள் உருவாகிக் கினிப்பன்றியின் குடலை மெதுவாகச் சுருங்க வைப்பதைக் கண்டார்கள். மெதுவான அசைவு என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்குப் பிராடிகைனின் என்று பெயரிட்டார்கள். ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சிறு பொருள் இரத்தத்தில் ஒரு நிமிடம்கூட நிலைப்பதில்லை. ஆனால் வலியுணர் நரம்பை நேரடியாகவே சீண்டக்கூடியவற்றுள் அதுவும் ஒன்று. அதற்கு இரண்டு ஏற்பிகள் உண்டு. பி2 எப்போதும் இருப்பது. பி1 நலமான திசுவில் ஏறக்குறைய இல்லாதிருந்து, அழற்சி நீடித்தால் புதிதாகத் தயாராகி வருவது. அழற்சி நாட்பட நாட்பட நரம்பு கேட்கும் காதுகளே கூடுகின்றன என்பதற்கு இது முதல் சான்று.

பிரேசிலின் அதே மரபில் வந்த செர்ஜியோ ஃபெரேரா 1972இல் வெளியிட்ட சோதனைதான் என் மாணவர்களோடு நடந்த வாதங்களை எல்லாம் தீர்த்து வைத்தது. மனிதத் தோலுக்கு அடியில் மிகச் சிறிய அளவில் புரோஸ்டாகிளாண்டினைத் தொடர்ந்து செலுத்தினால், அது தனியாக வலியை எழுப்பவில்லை. ஆனால் அந்த இடம் கூருணர்வு கொண்டதாகிவிட்டது. அதே இடத்தில் பிராடிகைனினையோ ஹிஸ்டமினையோ சேர்த்தபோது வலி கடுமையாக எழுந்தது. அதாவது புரோஸ்டாகிளாண்டின் தீக்குச்சி அன்று, காய்ந்த சருகு. நரம்பின் மீதுள்ள இபி என்ற குடும்பத்து ஏற்பிகளில் அது பொருந்தியதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தியாளன் பெருகுகிறது. அது ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி டிஆர்பிவி1 வாயிலின் மீது பாஸ்பேட் துணுக்குகளை ஒட்டுகிறது. ஒட்டப்பட்ட வாயில் 43 டிகிரிக்குக் காத்திருப்பதில்லை. ஆய்வுக்கூடச் செல்களில் புரோஸ்டாகிளாண்டினோ பிராடிகைனினோ பட்ட பிறகு அது உடல் சூட்டுக்கு அருகிலேயே, ஏறத்தாழ 35 டிகிரியிலேயே, திறக்கத் தொடங்குவதை அளந்திருக்கிறார்கள். அமிலமும் இதே திசையில் அதை இளக்குகிறது. துடிப்பைக் கடத்தும் சோடியம் வாயில்களும், குறிப்பாக என்ஏவி1.8 என்ற வகை, இதே முறையில் எளிதில் திறப்பவை ஆகின்றன. வெதுவெதுப்பான நீர் சுடுநீராக உணரப்படுவதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. டிஆர்பிவி1 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குப் பாதத்தில் அழற்சி உண்டாக்கினாலும் சூட்டின் மீதான இந்த மிகையுணர்வு வருவதில்லை என்பதால், இந்தப் பகுதியை உறுதியான அறிவு என்றே சொல்லலாம்.

தொடுதலுக்கும் அழுத்தத்துக்கும் வலிப்பது வேறு கணக்கு. அங்கே பட்டபூட்டியன் கண்டறிந்த பீசோ2 என்ற வாயிலுக்குப் பங்கு உண்டு. பிறவியிலேயே அது செயல்படாத மனிதர்களுக்குத் தோலில் கேப்சைசின் தடவினாலும் மெல்லிய தொடுதல் வலியாக மாறவில்லை. ஆனால் மூட்டை மடக்கும்போது வரும் வலிக்கு எந்தெந்த வாயில்கள் காரணம் என்பது அவ்வளவு தெளிவாகத் தீர்ந்த செய்தி அன்று. ஒன்று மட்டும் 1980களிலிருந்தே தெரியும்: பூனையின் முழங்கால் மூட்டில் சில நரம்பிழைகள், மூட்டு நலமாக இருக்கும்போது எவ்வளவு அசைத்தாலும் வாய் திறப்பதில்லை, அழற்சி வந்த சில மணி நேரத்தில் சாதாரண அசைவுக்கே துடிக்கத் தொடங்கிவிடுகின்றன. இவற்றை உறங்கும் வலியுணர் நரம்புகள் என்கிறார்கள்.

இப்போது வலி மாத்திரை எங்கே போய் வேலை செய்கிறது என்பது விளங்கும். ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்துகிறது என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் அவருக்கும் பெரிஸ்ட்ராம், சாமுவேல்சன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் புரோஸ்டாகிளாண்டினை உருவாக்கும் அதே சைக்ளோஆக்சிஜனேஸ் (காக்ஸ்) நொதியைத் தடுப்பவையே. ஆனால் இவற்றை விழுங்கியவருக்கு ஊசி குத்தினால் வலிக்கத்தான் செய்யும். மரத்துப்போக வைக்கும் மருந்துகள் அல்ல இவை. உயர்ந்துவிட்ட கூருணர்வைப் பழைய அளவுக்கு இறக்குபவை, அதுவும் புரோஸ்டாகிளாண்டினால் உயர்ந்த பங்கை மட்டும். அந்த நொதியில் காக்ஸ்-1, காக்ஸ்-2 என இரண்டு வகை உண்டு என்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தபோது, இரைப்பையைக் காக்கும் முதல் வகையை விட்டுவிட்டு அழற்சியில் பெருகும் இரண்டாம் வகையை மட்டும் தடுத்தால் போதும் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். நானும் வகுப்பில் அப்படித்தான் பாடம் நடத்தினேன். அப்படி இரண்டாம் வகையைத் தடுக்க வந்த ரோஃபெகாக்சிப் என்ற மருந்து 2004இல் மாரடைப்பு ஆபத்தின் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. இரத்தக்குழாய்க்கும் சிறுநீரகத்துக்கும் காக்ஸ்-2 வேண்டியிருக்கிறது. 'அந்த மூலக்கூறை மட்டும் தடுத்துவிட்டால் என்ன' என்ற உங்கள் கேள்விக்கு இது முதல் பதில்: வலியைக் கூட்டும் மூலக்கூறு எதுவும் வலிக்காக மட்டும் உடலில் இருப்பதில்லை.

சைட்டோகைன்கள் இதைவிட மெதுவானவை, ஆழமானவை. முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வில் கூடும் வெள்ளணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 பீட்டா, இன்டர்லூகின்-6 ஆகியவற்றைச் சுரக்கின்றன. இவை மற்ற செல்களைத் தூண்டிப் புரோஸ்டாகிளாண்டினையும் மேலும் சைட்டோகைன்களையும் பெருக்கும் என்பது பழைய பாடம். நரம்பின் மீதே இவற்றுக்கு ஏற்பிகள் இருக்கின்றன, வெள்ளணுக்களை இடையில் வைக்காமலே நரம்பைப் பதம் மாற்ற இவற்றால் முடியும் என்பது பின்னால் வந்த அறிவு. ஜெர்மனியில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், முடக்குவாத நோயாளிகளுக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப் மருந்தை ஏற்றி மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூட்டின் வீக்கமோ சிஆர்பியோ குறைவதற்கு முன்பே, 24 மணி நேரத்துக்குள், மூளையில் வலி தொடர்பான செயல்பாடு தணிந்திருந்தது. சிலரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு அது. ஆனாலும் வீக்கமும் வலியும் ஒன்றன் நிழல்போல் மற்றொன்று போவதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான படம் என்னிடம் இல்லை. வலி முந்திக்கொண்டு இறங்க முடியும் என்றால் பின்தங்கி நிற்கவும் முடியும்.

சிஆர்பியைப் பற்றியும் இங்கே ஒரு சொல். அது மூட்டில் உண்டாகும் பொருள் அன்று. இன்டர்லூகின்-6 சொல்லும் சொல்லுக்கு ஏற்பக் கல்லீரல் செய்வது. ஆகவே சிஆர்பி சீராக இருப்பது, உடல் முழுவதும் சுற்றி வரும் இன்டர்லூகின்-6 குறைந்திருக்கிறது என்பதற்குச் சான்று. இரண்டு மூன்று சிறு விரல் மூட்டுகளின் உட்சவ்வில் மிச்சம் இருக்கும் அழற்சி கல்லீரலுக்குக் கேட்கும் அளவுக்குக் கத்தாமல் இருக்கலாம். இன்டர்லூகின்-6இன் ஏற்பியையே அடைக்கும் டோசிலிசுமாப் போன்ற மருந்து எடுப்பவர்களிடம் சிஆர்பி இன்னும் குறைவாகவே பேசும். இன்டர்லூகின்-6 வலியோடு கொண்ட உறவு முடக்குவாதத்தோடு நிற்பதும் இல்லை. 2006இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் சில நாட்களில் விட்டும் மூட்டுவலி மாதக்கணக்கில் விடாதவர்களை எல்லா ஊரிலும் பார்த்தோம். சிங்கப்பூரில் அந்நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், வலி நீடித்தவர்களின் இரத்தத்தில் இன்டர்லூகின்-6 கூடுதலாக இருந்ததைக் கண்டார்கள். உடன் இருந்தது என்பதால் அதுவே காரணம் என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் ஆழமாகப் போவது நரம்பு வளர்ச்சிக் காரணி எனப்படும் என்ஜிஎஃப். ரீட்டா லேவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றது இதனோடு இணைந்த கண்டுபிடிப்புகளுக்காக. கருவில் வலியுணர் நரம்புகள் உயிர் பிழைக்க இது வேண்டும். வளர்ந்த உடலிலோ அழற்சி நடக்கும் இடமெல்லாம் இது பெருகுகிறது. நரம்பு நுனியில் உள்ள ட்ர்க்-ஏ என்ற ஏற்பியில் பொருந்தியதும் என்ஜிஎஃப் இரண்டு வேலைகளைச் செய்கிறது. உடனடியாக, உள்ளே இருப்பில் இருந்த டிஆர்பிவி1 வாயில்களை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து பதிக்கிறது. அதோடு, ஏற்பியும் என்ஜிஎஃபும் ஒன்றாகவே நரம்பிழைக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டு, கையின் நீளம் முழுவதும் பயணம் செய்து, முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கும் செல் உடலை அடைகின்றன. அங்கே எந்தப் புரதத்தை எவ்வளவு செய்வது என்ற கணக்கே மாறுகிறது: கூடுதல் வாயில்கள், கூடுதல் செய்திப் பொருள்கள் தயாராகி, மீண்டும் நுனிக்கும் தண்டுவடத்துக்கும் அனுப்பப்படுகின்றன. போய்வர நாட்கள் ஆகும் இந்தப் பயணத்தின் விளைவு, என்ஜிஎஃப் மறைந்த மறுநாளே மறைந்துவிடாது. மனிதத் தோலில் ஒரே ஒரு முறை சிறிதளவு என்ஜிஎஃப் செலுத்தினால், அந்த இடத்தின் மிகையுணர்வு வாரக்கணக்கில் நீடிக்கிறது, வெளியே பார்த்தால் சிவப்பும் இல்லை, வீக்கமும் இல்லை. உங்கள் தாயார் சொல்வதை வீட்டில் யாராவது நம்ப மறுத்தால் இந்தச் சோதனையைச் சொல்லுங்கள்.

அப்படியானால் என்ஜிஎஃபைத் தடுத்துவிடலாமே என்பீர்கள். தடுத்துப் பார்த்தார்கள். டனெசுமாப் என்ற எதிர்ப்பொருள் மூட்டுத் தேய்மான வலியை உண்மையாகவே குறைத்தது. ஆனால் அதை எடுத்தவர்களில் ஒரு சிலருக்கு மூட்டு விரைந்து சிதைந்தது; 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு அதற்கு எதிராக வாக்களித்தது, நிறுவனம் முயற்சியைக் கைவிட்டது. ட்ர்க்-ஏ மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்கு வலியே தெரியாது, வியர்வையும் வராது. அவர்கள் தங்கள் நாக்கையும் விரலையும் கடித்துப் புண்ணாக்கி, மூட்டுகளை உடைத்துக்கொள்கிறார்கள். டிஆர்பிவி1ஐ அடைக்கும் மாத்திரைகளுக்கும் இதே போன்ற இடர் வந்தது: அவற்றுள் சில உடல் வெப்பத்தை ஏற்றின, சில சுடுபொருளின் சூட்டையே உணரவிடாமல் செய்தன. இன்னொரு தோல்வி எனக்கு நெருக்கமானது. 1931இல் கண்டறியப்பட்ட சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருள் வலியின் செய்தியாளன் என்று விலங்குச் சோதனைகள் எல்லாம் கூறின. அதன் ஏற்பியான என்கே1ஐ அடைக்கும் மருந்துகள் மனிதரின் வலியை அசைக்கவே இல்லை. அதே மருந்துகள் புற்றுநோய்ச் சிகிச்சையின் வாந்தியை அருமையாக நிறுத்தின. எலிக்கு வலி போயிற்று என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன். அதற்காக எதுவுமே நடக்கவில்லை என்று சொல்லக் கூடாது. நரம்பே சுரந்து அழற்சியைக் கூட்டும் சிஜிஆர்பி என்ற பொருளைத் தடுக்கும் மருந்துகள் 2018 முதல் ஒற்றைத் தலைவலிக்குக் கைகொடுக்கின்றன; என்ஏவி1.8 வாயிலை அடைக்கும் சுசெட்ரிஜின் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் திடீர் வலிக்கு ஒப்புதல் பெற்றது. முடக்குவாதம் போன்ற நாட்பட்ட மூட்டுவலிக்கான ஒப்புதல் அன்று அது.

இதுவரை சொன்னது நுனியும் செல் உடலும். தண்டுவடத்திலும் பதம் மாறுகிறது என்பதை 1983இல் கிளிஃபர்ட் உல்ஃப் எலிகளில் காட்டினார். நுனியிலிருந்து ஓயாமல் துடிப்புகள் வந்துகொண்டிருந்தால், அவற்றை வாங்கி மேலே அனுப்பும் தண்டுவட நரம்புகள் கூருணர்வு பெற்று, அடிபடாத பக்கத்து இடத்தின் சாதாரணத் தொடுதலையும் வலியாகவே மூளைக்கு அனுப்பத் தொடங்குகின்றன. இங்கும் புரோஸ்டாகிளாண்டின் வருகிறது, ஆனால் வேறு வேடத்தில். தண்டுவடத்தில் கிளைசின் என்ற பொருள் வலிச் செய்திகளை அடக்கி வைத்திருக்கும். புரோஸ்டாகிளாண்டின் அந்தக் கிளைசினின் ஏற்பியை முடக்கி, அடக்கும் கையைக் கட்டிப்போடுகிறது. எலியில் இது உறுதி. மனிதரின் முடக்குவாதத்தில் மிஞ்சும் வலியில் இதன் பங்கு எவ்வளவு என்பதில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வலி எங்கும் பரவிவிட்டால் உடனே 'மையக் கூருணர்வு' என்று முத்திரை குத்திவிடும் போக்கு எனக்கு உவப்பானதன்று. பாரசிட்டமால் எங்கே வேலை செய்கிறது என்பதும் இதே போல இன்னும் தீராத வழக்குதான், பல பத்தாண்டுகளாக விழுங்கிக்கொண்டிருக்கிறோம் என்றாலும்.

உங்கள் தாயாருக்கு வருவோம். வீக்கம் வடிந்தபின் மிஞ்சும் வலிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: கண்ணுக்கும் சிஆர்பிக்கும் தெரியாத மிச்ச அழற்சி, ஆறு ஆண்டுகளில் எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் நேர்ந்துவிட்ட சேதம், மூலக்கூறு போயும் பதம் திரும்பாத நரம்பும் தண்டுவடமும். ஒருவரிடமே மூன்றும் கலந்திருப்பது அரிதன்று. நீங்கள் எழுதியதில் என் கவனத்தை இழுத்தது வெதுவெதுப்பான நீர்தான். தண்டுவடத்தில் பதம் மாறியதன் அடையாளம், பாதிக்கப்படாத சுற்றுப்பகுதியில் மெல்லிய தொடுதலும் வலிப்பது. சூட்டுக்கு மட்டும் மிகையாக வலிப்பது, பெரும்பாலும் நுனியிலேயே ஏதோ நடந்துகொண்டிருப்பதன் அடையாளம். ஆகவே அவருடைய கையில் அழற்சி முழுவதும் அடங்கிவிட்டது என்று கொள்ளாமல், அந்த மூட்டுகளை அல்ட்ராசவுண்டில் பார்த்தால் என்ன என்று மருத்துவரிடம் கேட்பது பொருத்தம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். சோதனையில் தேறிய விதி அன்று. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதும், நீரிழிவால் நரம்பு கெடுவதும்கூட நீரில் கை வைத்தால் எரிச்சலைத் தரக்கூடியவை என்பதால் அவற்றையும் கேட்டுவிடுங்கள். மருத்துவரிடம் 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்லாமல் எதற்கு வலிக்கிறது, சூட்டுக்கா, தொடுதலுக்கா, மடக்கும்போதா, விடியற்காலையிலா, மூட்டின் மேலா, சுற்றியுமா என்று பிரித்துச் சொன்னால் அவருக்குப் பெரும் உதவியாக இருக்கும். முடக்குவாதத்தில் இன்டர்லூகின்-6 விடியற்காலையில் உச்சத்துக்கு ஏறுகிறது. காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அவர்கள் கேட்பது அதனால்தான். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி டைக்ளோஃபினாக்கைக் கூட்டிக்கொண்டே போவதை மட்டும் தவிருங்கள். நான் மேலே சொன்ன பதமாற்றங்களில் ஒரே ஒரு கிளையைத்தான் அது தொடும், இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒத்தடம் பற்றி. இதமான சூடு தசை இறுக்கத்தைத் தளர்த்தும். சூட்டையும் தொடுதலையும் கடத்தும் பிற நரம்புகளின் துடிப்புகள் தண்டுவடத்தில் வலிச் செய்தியை ஓரளவு தடுக்கும். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965இல் முன்வைத்த வாயில் கோட்பாடு (இங்கே வாயில் என்பது தண்டுவடத்தில் வலிச் செய்தியைத் தடுக்கும் இடம், மேலே சொன்ன புரத வாயில் அன்று) நுணுக்கங்களில் திருத்தப்பட்டாலும் இந்த அடிப்படை நிற்கிறது. காலையில் விறைத்த முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் இதம் தருவது இதனால்தான். ஆனால் 40 டிகிரி நீருக்கே துடிக்கும் விரல்களில், டிஆர்பிவி1 திறக்கும் சூட்டளவு ஏற்கெனவே இறங்கிக் கிடக்கிறது என்று கொள்வதே பாதுகாப்பு; அங்கே வெந்நீரை வைப்பது அதே வாயிலைத் தட்டுவதாகும். அந்த மூட்டுகளுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் போர்த்திப் பார்க்கலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்க வேண்டாம். குளிரில் விரல் வெளுத்து நீலம் பாயும் வழக்கம் அவருக்கு இருந்தால் குளிர்ந்த துணியும் வேண்டாம். கேப்சைசின் கலந்த களிம்பு கடையில் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், முதல் சில நாட்கள் அது எரிச்சலைக் கூட்டிவிட்டுத்தான் நரம்பு நுனியைச் சோர வைக்கும் என்பதையும், தடவிய விரலால் கண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லி வையுங்கள். விரல் மூட்டில் களிம்பு தடவிக்கொண்டு சமையலறைக்குப் போகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.